அண்ணியின் அறைக்கு மேலே

என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்பதுதான். பெண்ணின் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே, மாடியில் தனியாக ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் சொன்னார். அன்றைக்கு எங்கள் மொட்டைமாடியில் துணிக்கொடியும் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகளும்தான் இருந்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைப் பற்றிக் கேட்டேன். கட்டிவிட்டால் அது பொய்யாகாது என்றார்.

மர்பி டவுனில் எங்கள் வீடு இருபதுக்கு முப்பது அடி மனையில் இருந்தது. கீழ்வீடு மாமனார் கட்டியது. செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர்கள். முதலில் ஓட்டுக்கூரை இருந்ததாம். பிறகு ஓடுகளை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். நான் கல்யாணமாகி வந்த சில வருடங்களில் அதன் மேல் ஒரு மாடி வந்தது. அந்த மாடியில் நானும் கணவரும் மகனும் இருந்தோம். கீழே என் கணவரின் அக்கா இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி முப்பது வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். பிள்ளைகள் இல்லை. கார்மென்ட்ஸ் கம்பெனியில் ரொம்ப காலம் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்துப் பார்த்து, தையல் கோணியிருந்தால் டைலர் சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் மாறவில்லை. என் புடவை மடிப்பு, மேசைவிரிப்பின் ஓரம், சர்ச்சில் பூ ஜாடி வைத்திருக்கும் இடம், எதில் கோணல் இருந்தாலும் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, நாம் சரி செய்கிறோமா என்று நின்று பார்ப்பார். அது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அண்ணி குறை சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவது எங்களுக்குப் பழக்கமாகிப் போயிருந்தது.

மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சாக்கடையை ஒட்டி நின்ற பின்சுவரை உள்ளங்கையால் இரண்டு மூன்று இடங்களில் தட்டினார். அடியில் பில்லர் இருக்கிறதா என்று கேட்டார். நான் தட்டில் டீயோடு நின்றிருந்தேன். பில்லர் கிடையாது. எனக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும்.

"அந்தக் காலத்து அஸ்திவாரம் மேஸ்திரி. முழுக்க கல்லு. யானை ஏறினாலும் தாங்கும்" என்றார் அவர்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நான் டீயை நீட்டினேன். தான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அனுமதி வாங்குவதைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. தெருவில் எல்லோரும் எழுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சுவர் எழும்பி, தளம் போட்ட வாரத்தில் அண்ணியின் பின்னறைக் கதவு இறுக ஆரம்பித்தது. திறந்தால் தரையை உரசும், மூடினால் மேலே பிடிக்கும். மழை ஈரத்தில் மரம் ஊறியிருக்கும் என்று நினைத்து, பக்கத்துத் தெருவில் கதவு வேலை செய்யும் பாயைக் கூப்பிட்டேன். அவர் கதவைக் கழற்றி, மேல் விளிம்பை இழைத்து மாட்டிக் கொடுத்தார். லேசாகத் திறந்தது. அண்ணி இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சீவிய பக்கமும் சீவாத பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லையே என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் மேலே தண்ணீர் டேங்க் ஏற்றினார்கள். பைப் போட வசதியென்று பின்சுவரின் மூலைக்கு நேராக மேடை கட்டி அதன் மேல் வைத்தார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் தண்ணீர் வரும். நான் மோட்டார் போட்டு மேலே ஏற்றுவேன். டேங்க் நிறைகிற நாளெல்லாம் பின்னறைச் சுவருக்குள்ளிருந்து சத்தம் வருகிறது என்று அண்ணி சொன்னார். ஒரு நாள் என்னையே கூப்பிட்டு நிற்க வைத்தார். நின்றேன். நகத்தால் மரத்தைச் சுண்டுவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கதவு மறுபடியும் இறுகியிருந்தது. பாய் இரண்டாவது முறை வந்து இழைத்துவிட்டுப் போனார்.

நான் பயப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகள் எல்லாம் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். அலமாரியிலிருந்து டம்ளர் உருண்டு விழும். அம்மா அதை எடுத்து வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார். சுவரில் விரிசல் இல்லாத வீட்டை நான் கல்யாணம் ஆகும்வரை பார்த்ததே இல்லை. இதையெல்லாம் அண்ணியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், ஒரு டிக் சத்தத்துக்கா பயப்படுவது என்பது போல.

அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஊர்ல பூமி ஆடிச்சி. இங்க பூமி சும்மாதான் இருக்குது. வீடுதானே ஆடுது."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னறை ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கி, கூரையைப் பார்த்துச் சாய்வாக ஏறிய மெல்லிய கோடு. அது எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் அண்ணி நீல சாக்பீஸால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். பத்து நாள் கழித்து விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. அங்கே இன்னொரு கோடு போட்டார். மகனிடம் காட்டினார். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டு, புதுச் சுமை ஏறினால் பழைய பூச்சு இப்படித்தான் வாய் விடும், பூச்சுக்குள் மட்டும்தான் என்று விளக்கினான். என் கணவர் வந்து பார்க்கவே இல்லை. அக்காவுக்கு மேலே ஆள் வருவது பிடிக்கவில்லை என்றார். தெருவில் இரண்டு பேரிடம் அப்படியே சொன்னதும் என் காதுக்கு வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். முடிந்த வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வேலூரிலிருந்து ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். மேலே எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அவர்கள் வந்தால் கீழேயும் எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை அண்ணி கண் டாக்டரிடம் போயிருந்தார். நான் கீழே இறங்கிப் பின்னறைக்குள் போனேன். அப்போது ஒன்பது நீலக் கோடுகள் இருந்தன. முதல் கோடுகளுக்கு நடுவே என் சுண்டுவிரல் அளவுகூட இடைவெளி இல்லை. கடைசி இரண்டுக்கும் நடுவே என் கை முழுதும் விரிந்து நின்றது. கையைச் சுவரில் வைத்து அளந்தே பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும், மேலே வேலை செய்துகொண்டிருந்த பெயின்டரைக் கூப்பிட்டு விரிசலில் பட்டி வைத்து அடைக்கச் சொன்னேன். அவன் தேய்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தான். கோடுகளும் தேதிகளும் அடியில் போய்விட்டன.

இதை நானாகத்தான் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்து அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றவில்லை.

"கம்பெனில ஒரு சூப்பர்வைசர் இருந்தான்" என்றார். "தையல் விட்ட எடத்துல இஸ்திரி போட்டு மடிச்சிப் பெட்டில வச்சிடுவான்."

மறுநாள் பெண் வீட்டார் வந்தபோது அவர்தான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மருமகள் மேலே குடிவந்தாள். அதிராமல் பேசுகிற பெண். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்வாள். காலையில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் எழுந்திருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணிக்குப் பிரியாணி எடுத்துக்கொண்டு கீழே போவாள். அவளிடம் அண்ணி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது. புதுசாக வந்த பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

ஒன்றரை மாதத்தில் வெள்ளைப் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு விரிசல் பழைய இடத்திலேயே வெளியே வந்தது. இந்த முறை அதற்குள் ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம். அண்ணி கோடு போடவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஜன்னலோரம் ஒரு டப்பாவில் கிடந்த சாக்பீஸையும் காணோம். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். துணி அலமாரி மட்டும் நகர்த்த முடியாத கனம், அது பின்னறையிலேயே இருந்தது. பென்ஷன் புத்தகம், ஆதார் கார்டு, கணவரின் ஒரு போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். காய்கறிக்கடைக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகும். அவர் குறை சொல்லிக்கொண்டிருந்த வரை எனக்குத் தைரியம் இருந்தது. அவர் வாயை மூடிய பிறகு, மோட்டார் ஸ்விட்சில் கை வைக்கும்போதெல்லாம் ஒரு நொடி தயங்கினேன். பிறகு போட்டேன். தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பது?

மூன்றாவது முறை கதவு மாட்டிக்கொண்டபோது நானே பாயைக் கூட்டி வந்தேன். அவர் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கதவின் மேல் விளிம்பை விரலால் தடவினார். பிறகு நிலையைத் தடவினார். கீழே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலையை அடியிலிருந்து மேலே பார்த்தார்.

"அம்மா, ரெண்டு தபா சீவிட்டேன். கதவு அதே கதவுதான். நிலைதான் எறங்குது" என்றார். "இதுக்கு என்னக் கூப்பிடக் கூடாது. இன்ஜினியர கூப்பிடுங்க."

வந்ததற்காவது ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, போகும்போது வீட்டை வெளியில் நின்று ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். அன்று இரவு சாப்பாட்டில் இதைச் சொன்னேன். தசரா முடியட்டும், ஒரு இன்ஜினியரைக் கூட்டி வருகிறேன் என்றார் என் கணவர். குரலில் எரிச்சல் இல்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தசரா விடுமுறை வந்தது. நான் பக்கத்துப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர், அதனால் வீட்டில் இருந்தேன். நான்கு நாளாக விடாமல் மழை. சாக்கடை நிரம்பிப் பின்சுவரை நக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் வரும் முறை நாள் அன்று. மகன் வேலைக்குப் போயிருந்தான், கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் கேட்டது. இந்த முறை ஒவ்வொன்றாக இல்லை. தாளிக்கிற சட்டியில் கடுகு பொரிவது போலத் தொடர்ந்து வந்தது. அதே நேரம் போன் அடித்தது. அண்ணி. ஒரே வீட்டுக்குள் அவர் எனக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை.

"பின்ரூம் கதவு தொறக்கல. நீ பதறாத" என்றார். "மொதல்ல மோட்டார ஆஃப் பண்ணு."

ஆஃப் செய்துவிட்டு இறங்கி ஓடினேன். குளித்துவிட்டு வந்தவர், புடவை மாற்றப் பின்னறைக் கதவைச் சாத்தியிருக்கிறார். அவ்வளவுதான். நான் தோளால் இடித்தேன். கதவு சுவரோடு சேர்த்துப் பூசியது போல நின்றது. என் காலடியில் ஒரு டைல்ஸ் பட்டென்று எழும்பி உடைந்தது. சந்துப் பக்கம் ஓடி ஜன்னலுக்குப் போனேன். கம்பிக்கு உள்ளே அண்ணி புடவையைக் கட்டி முடித்து, தோளில் கைப்பையோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சாக்கடைப் பக்கச் சுவர் வெளியே பார்த்து வயிறு தள்ளியிருந்தது.

"மேல இருக்கற பொண்ண எறக்கு. அப்புறம் என்கிட்ட வா" என்றார்.

உங்களை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றேன்.

"போம்மா" என்றார்.

இரண்டு மாடி ஏறினேன். மருமகள் ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிச் சிரித்தாள். நான் அந்த விரலையே பிடித்து இழுத்தேன். காதில் மாட்டியது மாட்டியபடி, செருப்பில்லாமல் என்னோடு இறங்கி வந்தாள். தெருவில் அவளை நிறுத்திவிட்டு, முனையில் இருந்த வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் கட்டரை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். சுவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கம்பியை அறுக்க ஆரம்பித்தார். கட்டரின் அதிர்ச்சியில் ஜன்னலுக்கு மேலேயிருந்து பூச்சு கட்டி கட்டியாக விழுந்தது. அண்ணி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவருக்கும் பொறிக்கும் முதுகைக் காட்டி அலமாரியை ஒட்டி நின்றார். நான்கு கம்பி அறுக்க வேண்டியிருந்தது. நான் வாய்விட்டு ஜெபம் செய்தேன் என்று மருமகள் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. கடைசிக் கம்பியை வளைத்ததும் அண்ணி முதலில் பையை நீட்டினார், பிறகு தலையை விட்டார். நாங்கள் இழுத்தோம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கம்பி கிழித்திருந்தது.

எதிர்ப்புறம் போய் நின்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பின்சுவர் சாக்கடைக்குள் சரிந்தது. நாங்கள் நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. மணல் லாரி கொட்டுவது போல ஒரு ஓசை, பிறகு தூசி. பின்னறை போய்விட்டது. அதற்கு மேலே என் அடுப்படியின் பாதித் தரை தொங்கியது. புது மாடி மட்டும் விரிசலே இல்லாமல், டேங்க்கோடு, முழுதாகப் பின்பக்கம் சாய்ந்து நின்றது.

அதிகாரிகள் வந்து டேப் கட்டினார்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் வெளியேறச் சொன்னார்கள். ஒரு வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. அந்தத் தாய் குழந்தையை மழையில் துணியால் மூடிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மேஸ்திரி செய்தி கேட்டு மதியம் வந்தார். "நான் அன்னைக்கே கேட்டேன்ல சார்" என்றார் என் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

வீட்டை மேலிருந்து கீழே உடைத்து இறக்கினார்கள். முதலில் புது மாடி, பிறகு எங்கள் மாடி, கடைசியில் மாமனார் கட்டியது. நாங்கள் ஜீவனஹள்ளியில் வாடகைக்கு வந்தோம். மகனும் மருமகளும் ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்விட்டார்கள். பேசுகிறார்கள், வருகிறார்கள். ஆனால் மருமகள் எங்கள் வீட்டில் இரவு தங்குவதில்லை. அண்ணியை எங்களோடு வரச் சொன்னேன். வரவில்லை. கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒரு தோழியின் வீட்டில், லிங்கராஜபுரத்தில் இருக்கிறார். ஒற்றை அறை, தகரக் கூரை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். தோழி கடைக்குப் போயிருந்தார், நாங்கள் இருவர் மட்டும். அண்ணியின் கையில் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. சுவரை மூடச் சொன்னதைப் பற்றி நான் அதுவரை வாய் திறந்து மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டபோது ரொம்பப் பயந்தீர்களா என்று கேட்டேன்.

"கதவு தொறக்காததுக்குப் பயமில்ல" என்றார். "போனக் கையில வச்சிகினு ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னேன். போன் பண்ணா நம்புவீங்களான்னு யோசனை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்தீர்களா என்று நான் கேட்டேன், அதற்குப் பதில் சொன்னார். அந்த இரண்டு நிமிஷத்திலும் மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் போனது வேறு காரியமாக. காலி மனையில் மறுபடியும் கட்ட என் கணவர் ஒரு பிளான் போட்டிருக்கிறார். இந்த முறை பில்லர் போட்டு, கீழே வண்டி நிறுத்த இடம், மேலே மூன்று தளம். மனை மாமனார் பேரில் இருப்பதால் அண்ணியின் கையெழுத்து வேண்டும். காகிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். எங்களுக்கு எந்தத் தளம் என்று கேட்டார். முதல் தளம் என்றேன். எங்கள் தலைக்கு மேலே யார் என்று கேட்டார். வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னேன். இன்ஜினியர் பார்த்தாரா என்று கேட்டார். அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் வீட்டிலேயே கணவரிடம் கேட்டு வைத்திருந்தேன். தெரிந்த ஒரு மேஸ்திரி பார்த்ததாகத்தான் அவர் சொன்னார். அதை அப்படியே சொன்னேன்.

அண்ணி கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். தனக்கு அங்கே அறை எதுவும் ஒதுக்க வேண்டாம் என்றார். பிறகு டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனார்.

அந்தக் காகிதம் என் கைப்பையில்தான் இருக்கிறது. அக்கா கையெழுத்துப் போட்டாளா என்று கணவர் தினமும் கேட்கிறார். இன்னும் யோசிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.